கண் கையிடம் சொல்லக்கூடாதது

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே கதையை ஆடுகிறார்கள். ஒருவரிடம் வாளும் கேடயமும் இருக்கின்றன. இன்னொருவருக்குப் பறக்கத் தெரியும், மறையத் தெரியும், ஒரு சொல்லில் ஒரு படையையே எரிக்கத் தெரியும். இது அநீதியா? அநீதி என்றால், இருவருக்கும் ஒரே அளவு வலிமையைக் கொடுத்துவிட்டால் நீதி வந்துவிடுமா? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் இந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். ‘கிளாஸ் பேலன்ஸ்’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வேதபாடக் கேள்வி.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சாயங்காலம் என் வீட்டு மேசையில் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். காலையில் சொல்லிக்கொடுத்தது சாயங்காலம் வந்து என்னைக் கேள்வி கேட்கும். அப்படிக் கேட்டதில் மிகவும் ஆழமானது இந்தக் கேள்விதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎம் எனப்படும் ஒருவர் உலகத்தை விவரிப்பார்: இருட்டுக் குகை, பூட்டிய கதவு, அதற்கு அந்தப்புறம் எதுவோ மூச்சுவிடும் சத்தம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும். பாத்திரத்தின் தொழில்தான் கிளாஸ்: வீரன், மந்திரவாதி, திருடன், கடவுளின் வரத்தால் குணமாக்கும் கிளெரிக் என்று பல. யாரும் யாரையும் தோற்கடிக்க ஆடுவதில்லை. எல்லோரும் ஒரே பக்கம்.

கேள்வி கடினமாவதே இதனால்தான். சதுரங்கத்தில் ஒருவருக்கு இரண்டு ராணி கொடுத்தால் எதிராளிக்கு நேரும் அநீதி கண்ணுக்குத் தெரியும். இங்கே மந்திரவாதியின் வலிமை வீரனைக் காப்பாற்றுகிறது. கூட்டாளி பலசாலியாக இருப்பது எனக்கு லாபம்தானே? அப்படியானால் வீரனை ஆடுகிறவர் எதை இழந்தார்? அவர் முறையிட்டால் அது நீதிக்கான முறையீடா, வெறும் பொறாமையா?

இந்த ஆட்டத்தைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, முதல் பதிப்பு 1,000 பிரதிகள். அதில் மூன்றே கிளாஸ்கள்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். முதல் லெவலில், அதாவது பாத்திரம் ஏறும் முதல் படியில், மந்திரவாதியின் நிலை பரிதாபமானது. கவசம் போடக்கூடாது. ஆயுதம் என்றால் குத்துவாள் மட்டும். நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். சொல்லி முடித்ததும் அது மனதிலிருந்து அழிந்துவிடும், அடுத்த நாள் மறுபடியும் படித்துத்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘த டையிங் எர்த்’ கதைகளிலிருந்து எடுத்த யோசனை இது. இரண்டாம் லெவலுக்கு ஏற கிளெரிக்குக்கு 1,500 அனுபவப் புள்ளி போதும், வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. அடியும் அதிகம் படும், ஏற்றமும் தாமதமாகும். ஆனால் பிழைத்துக் கிடந்தால் பத்தாவது லெவலுக்கு அப்புறம் அவனுக்கு ஈடாக யாரும் நிற்க முடியாது.

இதில் நீதி இருக்கிறது, ஆனால் காலத்தில் நீட்டி வைத்த நீதி. முதலில் நீ அவனைச் சுமந்து போ, பிறகு அவன் உன்னைச் சுமப்பான். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானும் லாசருவும் எனக்கு உடனே ஞாபகம் வருவார்கள். இங்கே ஒருவன் அனுபவித்தான், அங்கே மற்றவன் தேற்றப்படுகிறான். மறுமையில் ஈடுசெய்யப்படும் என்பதை நான் விசுவாசிக்கிறேன். ஆனால் அது கடவுளின் கையில் இருக்க வேண்டிய கணக்கு. அதை மனிதர்கள் சட்டமாக எழுதும்போது பயங்கரம் நடக்கிறது, ஏனென்றால் முழுக் காலத்தையும் கையில் வைத்திருப்பவர் அவர் மட்டுமே. மேசையில் கதை பாதியில் நின்றுபோகும். ஒருவர் படிப்புக்காக ஊர் மாறிப் போவார். இன்னொருவர் எட்டாம் லெவலில்தான் வந்து சேர்வார். மந்திரவாதியின் பஞ்ச காலத்தைக் கண்ணால் பார்க்காமலே அவனுடைய செழிப்புக்கு நடுவில் வந்து உட்காருவார். சராசரியில் யாரும் வாழ்வதில்லை. ஒவ்வொருவரும் வாழ்வது இந்த ஒரு சாயங்காலத்தை.

வீரனுக்கும் அன்று ஒரு ஈடு இருந்தது என்பதை மறக்கக்கூடாது. உயர்ந்த லெவலை எட்டிய வீரன் கோட்டை கட்டி, நிலத்துக்குப் பிரபுவாகலாம். 1978இல் வந்த அட்வான்ஸ்டு விதிநூலிலும் ஒன்பதாம் லெவல் வீரன் கோட்டை எழுப்பினால் அவனைத் தேடிப் போர்வீரர்கள் வந்து சேர்வார்கள். மந்திரவாதிக்குப் பிரபஞ்சத்தின் இரகசியம் என்றால் வீரனுக்கு மண்ணும் மனிதர்களும். காலப்போக்கில் ஆட்டம் கோட்டையை விட்டுச் சண்டையிலேயே நின்றது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது வீரனின் அந்த உரிமை போய்விட்டிருந்தது. மந்திரவாதியின் மந்திரங்கள் அப்படியே இருந்தன. ஏற்பாட்டில் ஒரு பாதியை மட்டும் எடுத்துவிட்டு மறுபாதியை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

பிறப்பின் அதிர்ஷ்டமும் இதற்குள் கலந்திருந்தது. 1975இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு பாலடின் என்ற புனித வீரனைச் சேர்த்தது. வீரனுக்கு உள்ளதெல்லாம் அவனுக்கும் உண்டு. அதற்கு மேல் கைவைத்துக் குணமாக்கும் வரமும் உண்டு. அப்படி ஆக, கவர்ச்சி என்ற குணத்தில் 17 வேண்டும். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் வரக்கூடிய 216 விதங்களில் 17 அல்லது 18 காட்டுபவை நான்குதான். பகடையில் அதிர்ஷ்டம் வாய்த்தவருக்கு, அந்த அதிர்ஷ்டத்தின் பேரிலேயே மேலான கிளாஸும் கிடைத்தது. தாலந்துகளின் உவமையில் உள்ளவனுக்கு இன்னும் கொடுக்கப்படும் என்று வரும் இடத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பை நான் அடக்குவதில்லை. அந்த உவமைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் விளக்கம் வேறு இருக்கிறது. ஆனாலும் அந்தச் சுளிப்பு மனிதருக்குள் கடவுள் வைத்த ஒரு நல்ல உணர்வு என்றே நினைக்கிறேன்.

இனி என் மேசையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அண்ணன் மகள் வீரனை ஆடுகிறாள். அவளோடு படிக்கும் பையன் மந்திரவாதி. பக்கத்துத் தெருவில் இருக்கும் வங்கி ஊழியர் ஒருவர் திருடன். அன்று அவர்கள் ஒரு மலைக்கோட்டைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அண்ணன் மகள் முந்தைய வாரமே கயிறு, கொக்கி எல்லாம் வாங்கிக் குறித்து வைத்திருந்தாள். பாறையில் ஏறிப் பாலத்தின் சங்கிலியைப் பிடித்து நிறுத்துவது அவளுடைய திட்டம். திருடன் உள்கதவின் பூட்டுக்காகக் காத்திருந்தார். மந்திரவாதி பறக்கும் மந்திரத்தைச் சொன்னான், பாறையைத் தாண்டியாயிற்று. ‘நாக்’ என்ற மந்திரத்தைச் சொன்னான், பூட்டு திறந்துகொண்டது. நெருப்புக் கோளத்தை எறிந்தான், காவலர்கள் வீழ்ந்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். அவளும்தான் கைதட்டினாள்.

பகடைகளை எடுத்து வைக்கும்போது அவள் கேட்டாள்: “அத்தை, நான் இன்னைக்கு வராட்டாலும் கதை இப்படித்தான போயிருக்கும்?”

குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அதை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவள் பறக்கும் மந்திரம் கேட்கவில்லை. அந்தப் பையனிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. வெற்றியில் அவளுக்குப் பங்கு கிடைத்தது; கோட்டைக்குள் இருந்த தங்கத்திலும் சம பங்கு. பொறாமைக்காரர் கேட்பது மற்றவரிடம் இருப்பதை. அவள் கேட்டதோ தான் அங்கே இருந்ததற்கு ஏதாவது பொருள் உண்டா என்பதை.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய ‘எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்’ நூலில், ஏற்றத்தாழ்வு கடைசியில் இருப்பவருக்கு நன்மை செய்தால் அதை அனுமதிக்கலாம் என்று ஒரு கொள்கை வரும். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வீரனுக்குப் பேச வாயில்லை. மந்திரவாதியின் வலிமையால்தான் அவள் உயிரோடு திரும்பினாள். ஆனால் அதே ரால்ஸ், மனிதருக்கு வேண்டிய அடிப்படை நன்மைகளில் சுயமரியாதையே ஒருவேளை எல்லாவற்றிலும் முக்கியமானது என்றும் எழுதினார். தான் செய்வது செய்யத் தகுந்தது என்ற நிச்சயம் ஒருவருக்கு வேண்டும். அது போய்விட்டால் தங்கத்தில் கிடைத்த பங்கு அவரை ஆற்றாது. அவளுடைய கேள்வி நிற்கும் இடம் அதுதான்.

ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இதற்கு விடை தேடாமல் இல்லை. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு எல்லாக் கிளாஸ்களுக்கும் ஒரே ஏணியை வைத்தது: யாராக இருந்தாலும் இரண்டாம் லெவலுக்கு 1,000 புள்ளி. காகிதத்தில் சமத்துவம். நடைமுறையில் மந்திரவாதி தாமதமாக ஏற வேண்டிய பழைய தடை நீங்கியது, அவ்வளவுதான். அந்தப் பதிப்பில் டுரூயிட் என்ற இன்னொரு கிளாஸின் கூடவே வரும் விலங்கு வீரனுக்குச் சமமாகச் சண்டைபோடும் என்று ஆடியவர்கள் கசப்போடு சொல்வார்கள். ஏணி ஒன்று என்பதால் ஏறி நிற்கும் உயரமும் ஒன்றாகிவிடாது.

2008இல் நான்காம் பதிப்பு துணிந்து ஒரு காரியம் செய்தது. வீரனோ மந்திரவாதியோ, எல்லோருக்கும் ஒரே அட்டவணை: எப்போதும் செய்யக்கூடியவை சில, ஒரு மோதலுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை சில, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை சில. யாருக்கு எந்த லெவலில் எத்தனை என்பதும் ஒன்றே. அதில் வீரனுக்குக் கிடைத்த மரியாதையை நான் மனதார மதிக்கிறேன். அவன் ஒரு எதிரியைக் குறிவைத்து நின்றால், அந்த எதிரி அவனை விட்டு வேறு யாரைத் தாக்கினாலும் தடுமாறுவான். வீரனின் அடியும் உடனே விழும். தோழர்களுக்கு முன்னால் நிற்பது என்ற அவனுடைய வேலைக்கு விதியே பல் கொடுத்தது. ஆனாலும் ஆடியவர்களில் பலர் மனம் ஒப்பவில்லை. எல்லோரும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள் என்றார்கள். மந்திரம் மந்திரமாக இல்லை, வாள் வாளாக இல்லை என்றார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அந்தப் பொது அட்டவணை கைவிடப்பட்டது. பதினேழாம் லெவல் மந்திரவாதி மறுபடியும் ஒரு சொல்லில் உலகத்தை மாற்றுகிறான். வீரன் ஒரு சுற்றில் சில தடவை கூடுதலாக வெட்டுகிறான்.

நான்காம் பதிப்பை வேண்டாம் என்றவர்கள் சமத்துவத்துக்கு எதிரிகள் என்று நான் எண்ணவில்லை. மனிதர் சமமாக இருக்க ஆசைப்படுகிறார்கள். அதே சமயம் ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவரை வைத்தால் தெரியாமல் போகும்படி இருக்க ஆசைப்படுவதில்லை. எல்லோரையும் ஒன்றாக்கினால் அண்ணன் மகளின் கேள்வி தீராது. யார் வராவிட்டாலும் கதை அப்படியே போகும் என்ற நிலை எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

இங்கே மத்தேயு 20ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். திராட்சத்தோட்டக்காரர் விடியற்காலையில் வேலையாட்களை அமர்த்துகிறார், நாளுக்கு ஒரு பணம் என்று பேசிக்கொள்கிறார். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி வரை ஆட்களைச் சேர்க்கிறார். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே ஒரு பணம். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முறுமுறுக்கிறார்கள். இந்த உவமையைத் தயவைப் பற்றியது என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நான் பிள்ளைகளிடம் கேட்பது வேறு: ஏன் ஒரு பணம்? ஏன் பதினோராம் மணிக்காரனுக்குக் கால் பணம் கொடுக்கக்கூடாது? ஒரு பணம் என்பது அன்றைக்கு ஒரு கூலியாளின் குடும்பம் அடுப்பு மூட்டத் தேவையான நாட்கூலி. கால் பணத்தை வைத்துக் கால் வயிற்றைத்தான் நிரப்ப முடியும். அந்த எஜமான் உழைப்பின் மணியை மட்டும் அளக்கவில்லை. ஒரு மனிதர் அந்த நாளை வாழ்ந்து முடிக்க எது வேண்டுமோ அதை அளந்தார்.

ஆட்ட மேசையில் அந்த ஒரு பணம் எது? தாக்கும் புள்ளிகள் அல்ல. தங்கமும் அல்ல. தான் எடுத்த ஒரு முடிவால் கதை திரும்பியது என்று சொல்லக்கூடிய ஒரு தருணம். அது இல்லாமல் வீட்டுக்குப் போகிறவர் கூலியில்லாமல் போகிறார். மந்திரவாதிக்கு அப்படிப்பட்ட தருணம் பத்து வாய்க்கலாம், வீரனுக்கு ஒன்று வாய்க்கலாம். பத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம் எனக்குக் கவலையில்லை. ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள தூரம்தான் நீதிக்கும் அநீதிக்கும் இடையிலான தூரம்.

இவ்வளவு சொன்னதும் வாசகர்கள் ஒரு எதிர்ப்பை எழுப்புவார்கள், எழுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு, ஒவ்வொருவரும் தேவைப்படுகிறார்கள் என்ற பேச்சு நம் மண்ணில் எதற்குப் பயன்பட்டது என்று நமக்குத் தெரியும். அவரவர் இடத்தில் அவரவர் இருங்கள், உடம்புக்குக் காலும் வேண்டும்தானே என்று சொல்லியே தலைமுறைகளை மிதித்திருக்கிறார்கள். திருச்சபையும் இதில் சுத்தமாக இருக்கவில்லை. எங்கள் பக்கத்து வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து, நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. எல்லோரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்று எழுதிய நிருபத்தை வேதமாகக் கொண்ட சபை அது.

ஆட்டத்தின் கிளாஸ் பிறப்பால் வருவதில்லை, அவரவர் விரும்பி எடுப்பது, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் சொல்லலாம். அது உண்மை, பெரிய வித்தியாசமும்கூட. ஆனால் அந்தப் பதிலோடு நான் நிறுத்தமாட்டேன், ஏனென்றால் உடம்பின் உவமைக்கு இரண்டு வரலாறு உண்டு.

முதல் வரலாற்றை ரோமானியர் லிவி எழுதியிருக்கிறார். கி.மு. 494இல் கடனிலும் ஒடுக்குமுறையிலும் நொந்த ரோமாபுரியின் எளிய மக்கள் நகரத்தை விட்டு வெளியேறிப் புனித மலையில் போய் உட்கார்ந்தார்கள். ஆளுகிறவர்கள் மெனேனியஸ் அக்ரிப்பா என்பவரை அவர்களிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு கதை சொன்னார்: வயிறு சும்மா இருந்து தின்கிறது என்று கோபித்து, கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்தன, கடைசியில் உடம்பு முழுவதும் நலிந்துபோனது. ஆகவே வயிற்றுக்கு ஊட்டுங்கள், திரும்பி வாருங்கள். இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். லிவி அடுத்து எழுதியிருப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மக்கள் கதையைக் கேட்டதோடு எழுந்து வந்துவிடவில்லை. டிரிபியூன் என்ற பதவி பேசி முடிக்கப்பட்டது: மக்களைக் காக்க மக்களிலிருந்தே ஆட்கள், அவர்கள்மேல் யாரும் கைவைக்கக்கூடாது. அதன் பிறகுதான் சமாதானம்.

இரண்டாம் வரலாறு, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரம். அதே உடம்பு, அதே அவயவங்கள். ஆனால் பவுல் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனிக்க வேண்டும். நீ எனக்கு வேண்டாம் என்று கண் கையைப் பார்த்துச் சொல்லக்கூடாது, தலை கால்களைப் பார்த்துச் சொல்லக்கூடாது. கண்டிக்கப்படுவது கண்ணும் தலையும். பலவீனமாகத் தோன்றும் அவயவமே மிகவும் அவசியம் என்கிறார். கனம் குறைந்ததற்கு அதிக கனம் கொடுத்து உடம்பைச் சேர்த்தவர் கடவுள் என்கிறார். அக்ரிப்பா கதை சொன்னது பட்டினி கிடந்தவர்களிடம். பவுல் பேசுவது வரங்கள் நிறைந்து மிதப்பில் இருந்தவர்களிடமும் சேர்த்துத்தான். எளியவரிடம் போய்ச் சொன்னால் அந்த உவமை தாலாட்டு. வலியவரிடம் சொன்னால் அதுவே கட்டளை. நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்: சமநிலை என்பது வலியவரின் கடமை. எளியவரிடம் கேட்கும் பொறுமைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நல்ல ஆட்ட வடிவமைப்பாளர்கள் பவுலைப் படித்தார்களோ இல்லையோ, சில இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். ‘நாக்’ மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பில் அதைச் சொன்னதும் பூட்டு திறக்கும், கூடவே 300 அடி தூரத்துக்குக் கேட்கும்படி ஒரு தட்டல் சத்தமும் எழும். மந்திரவாதியிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஆனால் சத்தமில்லாமல் திறக்க வேண்டிய கதவுக்கு இப்போது திருடன்தான் வேண்டும். ஒரே ஒரு வரி கண்ணைக் கையிடம் திருப்பி அனுப்புகிறது. 2002இல் வந்த ‘பஃபி’ ஆட்டத்தில் வேறு வழி. பிசாசுகளை அடித்து நொறுக்கும் நாயகி ஒரு பக்கம், அவளோடு நிற்கும் சாதாரண நண்பர்கள் மறு பக்கம். வலிமையில் ஒப்பீடே கிடையாது. ஆனால் கதையின் போக்கை மாற்றச் செலவிடும் டிராமா பாயிண்ட் நாயகிக்குப் பத்து என்றால் நண்பர்களுக்கு இருபது. பலம் குறைந்தவர் கையில் விதியைத் திருப்பும் உரிமை இரட்டிப்பாகக் கொடுக்கப்பட்டது. அதை நான் டிரிபியூன் பதவி என்றே சொல்வேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1987இல் ஜானதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் உருவாக்கிய ‘ஆர்ஸ் மாஜிக்கா’. மத்தியகால ஐரோப்பாவில் நடக்கும் இந்த ஆட்டத்தில் மந்திரவாதிகளே மேலானவர்கள்; விதி அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு மந்திரவாதியும் உண்டு, ஒரு சாதாரணத் துணையாளும் உண்டு. கோட்டைக் காவலாட்கள் எல்லோருக்கும் பொது. இந்த வாரம் என் மந்திரவாதி வெளியே கிளம்பினால் நீ அவனுக்குக் காவலாளாக வருவாய். அடுத்த வாரம் உன் மந்திரவாதிக்கு முன்னால் நான் கேடயம் பிடிப்பேன். இதே ட்வீட்தான் பிறகு 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் வடிவமைப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார், எல்லோருக்கும் ஒரே ஏணி வைத்த அந்தப் பதிப்பில். இரண்டையும் ஆடிப் பார்த்த எனக்கு, ஏற்றத்தாழ்வை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு இருக்கையை மாற்றிக்கொண்ட ஆட்டமே ஒரே ஏணி வைத்த ஆட்டத்தைவிட நீதிக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. நேற்றுக் காவலாளாக நின்றவருக்கு இன்று மந்திரவாதியாக நிற்கும்போது தன் கையிலிருப்பது என்ன என்று தெரியும்.

நல்ல டிஎம் இருந்தால் இத்தனை விதி எதற்கு, அவர் பார்த்துச் சரிசெய்துகொள்வாரே என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். நானும் சரிசெய்வதுண்டு, வீரனுக்கென்று ஒரு குறுகிய பாலம், திருடனுக்கென்று ஓசைப்படக்கூடாத ஒரு மாளிகை. அது தயவு. ஆனால் தயவை மட்டுமே நம்பி ஒருவரை உட்கார வைத்தால் ஒவ்வொரு வாரமும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திராட்சத்தோட்டக்காரரைத் திரும்பப் பாருங்கள். காலையில் வந்தவர்களோடு பேசிய கூலியில் அவர் ஒரு காசும் குறைக்கவில்லை. பேச்சைக் காப்பாற்றிவிட்டு, அதற்கு மேலேதான் தாராளம் காட்டினார். சட்டம் தரையாக இருக்க வேண்டும், தயவு அதன்மேல் நடக்க வேண்டும். தரை இல்லாத இடத்தில் தயவு பிச்சையாகிவிடும்.

எங்கள் மேசையில் இப்போது ஒரு விதி இருக்கிறது. இன்னொருவரின் தொழிலை மந்திரத்தால் செய்வதற்கு முன் அந்த ஆளிடம் கேட்க வேண்டும். அவர் செய்கிறேன் என்றால் மந்திரம் பொறுக்க வேண்டும். இந்த விதியை முன்மொழிந்தது மந்திரவாதியை ஆடும் பையன். அண்ணன் மகள் கேட்டதை அவனும் கேட்டிருந்தான். இதனால் அவனுடைய ஆட்டம் குறைந்துபோகவில்லை. முன்பு எதற்கும் மந்திரத்தை எடுத்தவன், இப்போது வேறு யாராலும் முடியாத இடம் எது என்று தேடுகிறான். அந்த இடத்தில் அவன் வாய் திறக்கும்போது மேசை முழுவதும் அவனைப் பார்க்கிறது. திருடன் பூட்டோடு மல்லுக்கட்டும்போது அவன் விளக்குப் பிடிக்கிறான், வீரன் பாலத்தில் நிற்கும்போது அவளுக்குப் பின்னால் நின்று கல் விழாமல் பார்த்துக்கொள்கிறான். பிறருக்கு இடம்விட்ட பிறகுதான் அவனுடைய வலிமைக்கு எல்லை தெரிந்தது. எல்லை தெரிந்த பிறகுதான் அது வலிமையாகவே தெரிந்தது.

இது விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனிதர் தாங்களே விதி எழுதி, தாங்களே அதற்குக் கட்டுப்பட்டு, பிடிக்காவிட்டால் திருத்தி எழுதும் இடங்கள் உலகத்தில் அதிகமில்லை. ஆட்ட மேசை அப்படி ஒன்று. ஐம்பது ஆண்டுகளில் அங்கே ஐந்து பதிப்புகளாக நீதி சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது: பிறகு கிடைக்கும் என்ற நீதி, ஒரே ஏணி என்ற நீதி, ஒரே அச்சு என்ற நீதி. ஒவ்வொன்றிலும் எது நொறுங்கியது என்பது எழுத்தில் இருக்கிறது. சபைக் கமிட்டி நடத்துகிறவர்களும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களும் அலுவலகம் நடத்துகிறவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், இன்று யார் வராமல் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் அங்கே அநீதி நடந்துவிட்டது, மற்ற எண்ணிக்கைகள் எவ்வளவு சமமாக இருந்தாலும் சரி. அதைச் சரிசெய்யும் வேலை அவருடையது அல்ல. அந்த அறையில் யாரால் எல்லாவற்றையும் தனியாகவே செய்துவிட முடியுமோ அவருடையது.